குரலிலும் வெயில் வேண்டும்

கடற்கரை நல வாரியத்துக்குப் புது இயக்குநர் வந்த வாரத்திலேயே வானம் மூடிக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு யாருக்கும் வேலையின் மேல் வெறுப்பும் இல்லை. ஆனாலும் மேகம் கலைகிற வழியைக் காணோம். மணலில் வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் பூஞ்சை படர்ந்தது. வெயில் காய்வதற்கென்றே தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் வேறு கடற்கரைகளைத் தேடிப் போனார்கள்.

அவர்களுக்குச் சேதியைச் சொன்னது வணக்கம்மாதான். வாரியத்தின் தொலைபேசி அவள் பொறுப்பு. நாளெல்லாம் "வணக்கம், கடற்கரை நல வாரியம்" என்று சொல்லிச் சொல்லி, பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லாமல் போய், வணக்கம்மாவாகிவிட்டாள். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, கழுத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மின்விசிறி. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு வெயில் எப்படிங்க?" அவள் "கொஞ்சம் இருங்க" என்று வாசல்வரை போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, கண்டதைச் சொல்வாள். அது தவறு என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இயக்குநர் சொன்னார். எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, மேசையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, கப்பல் ஓட்டுகிறவரைப் போல நின்று சொன்னார்.

"நம்ம ஊருக்கு ஜனங்க எதுக்கு வர்றாங்க? வெயிலுக்கு. வெயில் வரலை. அது வெயிலோட பொறுப்பில்லாத்தனம். வெயில் பொறுப்பில்லாம இருக்கலாம். வாரியம் இருக்கக் கூடாது. வானத்துல இல்லாத வெயில் நம்ம உடம்புல இருக்கணும். வர்றவங்க நம்ம மூஞ்சியைப் பார்த்ததும், அடடா, இங்க வெயில் கொளுத்துதுன்னு நம்பணும். நம்பிக்கைதாங்க நல்ல வானிலை!"

கைதட்டினார்கள். அவரே அந்த மூடாப்பிலும் செம்புக் குடம் துலக்கி வைத்த மாதிரி பளபளவென்றுதான் இருந்தார். வீட்டிலேயே ஒரு வெயில் பெட்டி வைத்திருப்பதாகவும், காலையில் பல் துலக்குவதைக்கூட மறப்பாரே தவிர அதில் படுப்பதை மறக்கமாட்டார் என்றும் அவரே பெருமையாகச் சொன்னார்.

மறுவாரம் வாரியத்துக்கும் ஒரு பெட்டி வந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு தொட்டி, அதற்கு ஒரு மூடி. உள்ளே மேலும் கீழுமாக நீலக் குழல் விளக்குகள். ஆளைப் படுக்கவைத்து மூடினால் தோலைப் பழுக்கவைத்துக் கொடுக்கும். சாமான்கள் போட்டுவைத்திருந்த கீழ்த்தள அறையைக் காலி செய்து அதை வைத்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஒருவன் பார்த்துவிட்டு, "இதுக்கு நாலு பேர் போதுமே, எதுக்கு ஆறு பேர்?" என்றான்.

பெட்டியை இயக்கும் பொறுப்பு லிஃப்ட்காரருக்குப் போனது. லிஃப்ட் வெகு காலமாக ஓடவில்லை. ஆனாலும் அவர் அதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "மேலயும் கீழயும் போற பெட்டியையே இத்தனை காலம் பார்த்துக்கிட்டவர், ஒரே இடத்துல நிக்கிற பெட்டியைப் பார்த்துக்க மாட்டாரா?" என்றார் இயக்குநர்.

சுவருக்கு வண்ணம் அடிக்கிற கடைகளில் இருக்குமே, அதுபோல ஒரு நிற அட்டையும் வந்தது. இளந்தேன், முதிர்தேன், செம்பு, பழுத்த செம்பு. மக்கள் கண்ணில் படும் ஊழியர் அனைவரும் செம்புக்குக் குறையக் கூடாது. தோட்டக்காரர் பிறவியிலேயே பழுத்த செம்பைத் தாண்டியவர். தனக்கு வேலை மிச்சம் என்று நிம்மதியாக அட்டைக்குப் பக்கத்தில் கையை நீட்டினார். இயக்குநர் அட்டையை ஒருமுறை, கையை ஒருமுறை பார்த்தார்.

"இது சொந்த நிறம். வாரியம் கொடுத்த நிறம் இல்லை. கணக்குல எடுத்துக்க முடியாது. படுங்க."

தோட்டக்காரரும் படுத்தார்.

இதற்கிடையில் மேல்மாடியிலும் ஒரு பிரிவு தொடங்கியிருந்தது. வெயில் தடுப்புப் பிரிவு. அது எப்படி அதே கட்டடத்துக்கு வந்தது என்றால், மேல்மாடி காலியாக இருந்தது, அவ்வளவுதான். அதன் அதிகாரியைத் தடுப்பு மேடம் என்பார்கள். கட்டடத்துக்குள்ளேயே தொப்பியும் கையுறையும் போட்டு, குடையும் விரித்துக்கொண்டு நடப்பவர். அவருடைய அறை ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அவர் வெயிலைப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முகம் ஊறவைத்த காகிதம் போல வெளுத்து, மாடிப்படி ஏறும்போதெல்லாம் "எலும்பெல்லாம் வலிக்குதே" என்று முனகுவார். வாசலில் ஆள் நிறுத்தி, உள்ளே வருகிற ஊழியர் எல்லோருக்கும் தடிமனாக வெள்ளைக் களிம்பு பூசவைத்தார். களிம்பு இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. களிம்போடு யாரும் பெட்டியில் படுக்க முடியாது. வாசலில் பூசுவார்கள், பெட்டியறையில் லிஃப்ட்காரர் ஈரத் துணியால் துடைப்பார், மறுபடி வெளியே போய்வந்தால் மறுபடி பூசுவார்கள்.

ஒருநாள் கணக்கர் தைரியம் வந்து கேட்டுவிட்டார்: "சார், வாசல்ல பூசறாங்க, பெட்டியறையில துடைக்கிறாங்களே?"

"அதுக்குப் பேர்தான் நிர்வாகச் சமநிலை," என்றார் இயக்குநர். கணக்கர் தலையாட்டிவிட்டு அன்றைக்கு இரண்டு தடவை படுத்தார்.

வணக்கம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெட்டி என்றால் குலை நடுக்கம். அவள் தோல் அப்படி. கொஞ்சநேரம் வெளியில் நின்றாலே சிவந்து எரியும். சின்ன வயதில் "வெயில்ல திரியாதே, கறுத்துப்போனா எவன் கட்டுவான்" என்று அடி வாங்கியவள், இப்போது கறுக்கவில்லை என்று வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்தாள். ஒரே ஆறுதல், தான் யார் கண்ணிலும் படாதவள் என்பது. மாடிப்படிக்கு அடியில் இருப்பவளை யார் பார்க்கப்போகிறார்கள்? பெட்டியறைப் பக்கம் போகும்போது சுவரோடு ஒண்டி நடந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க குரலை இங்கிருந்து கேட்டேன்மா," என்றார், தன் மேசையில் இருந்த இன்னொரு ரிசீவரைத் தட்டிக் காட்டி. வாரியத்துக்கு வரும் எல்லா அழைப்பையும் அங்கிருந்தே ஒட்டுக் கேட்கலாம். "நல்ல குரல். ஆனா மூடாப்பா இருக்கு. வெயிலே இல்லை."

"குரல்ல எப்படிங்க சார் வெயில்..."

"உடம்புல இருந்தா குரல்ல வரும். பசியோட இருக்கிறவன் குரல்ல பசி தெரியுதில்ல? அதே மாதிரி. நாளைக்குப் படுங்க. அப்புறம், இனிமே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிற வேலை வேண்டாம். நீங்க பார்க்கிறதாலதான் அது மூடியிருக்குன்னு தெரியுது. பார்க்கலைன்னா நமக்கெப்படித் தெரியும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த அழைப்பைக் கேட்க ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை செய்பவர். எதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் பேசுவார். "எல்லாருந்தானே படுக்கறாங்க? ஒருதடவை படுத்துட்டு வந்துடேன். வேலை போச்சுன்னா என்ன பண்ணுவோம்?" என்றார். சொன்னபிறகு அவர் முகமும் சரியாக இல்லை.

மறுநாள் லிஃப்ட்காரர் அவளுக்கு வாரியம் கொடுத்த மெல்லிய அங்கியைக் கொடுத்தார். முன்பக்கம் வாரியத்தின் சின்னம், பின்பக்கம் திறப்பு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று; அதன் பட்டை இளகிப்போயிருந்ததால் முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டார்.

"மூடி நிக்க மாட்டேங்குதும்மா. மேல எழும்பிடுது. கயித்தால ஒரு சுத்து சுத்திடறேன். பயப்படாதே."

"நான் பயப்படலைண்ணே," என்றாள் அவள், பற்கள் கிடுகிடுக்க.

மூடி இறங்கியது. கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாக் குழல்களும் ஒன்றாக விழித்துக்கொண்டன. கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் நீலம் தெரிந்தது. முதலில் இதமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்கோ ஒரு சிறு விசிறி 'ர்ர்ர்' என்று சுற்றியது. கருகின தூசி வாசனை. அவள் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்குநர் எல்லோரையும் உடனே கூட்ட அறைக்கு வரச் சொன்னார். ஊழியர் நலன் பற்றிய பேச்சு. வராதவர்கள் விளக்கம் தர வேண்டும். லிஃப்ட்காரரின் செருப்புச் சத்தம் அவசரமாகத் தேய்ந்து மறைந்தது.

நேரமானால் தானாக அணையும் என்று அவர் சொல்லியிருந்தார். அணையவில்லை. இதமாக இருந்தது சூடாயிற்று. சூடு சுறுக்கென்று ஆயிற்று. கையால் மூடியைத் தள்ளினாள். அது ஒரு விரற்கடை எழும்பிக் கயிற்றில் சிக்கி நின்றது. அந்த இடைவெளியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அண்ணே! அண்ணே! போதும்ணே!"

கட்டடம் முழுக்க இயக்குநரின் குரல்தான். "...நமது ஊழியரின் ஒவ்வொரு உறுப்பும் வாரியத்தின் உறுப்பே..." என்று ஒலிபெருக்கி முழங்கியது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளில் கேட்ட குரல் அவளுடையது. இப்போது பக்கத்து அறைக்குப் போய்ச் சேரவில்லை. பயத்தில் என்ன கத்துகிறோம் என்றே தெரியாமல், "வணக்கம்! கடற்கரை நல வாரியம்! வணக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கத்தினாள் என்று பிறகு தோட்டக்காரர் சொன்னார். அவர் கூட்டத்துக்குப் போகாமல் பெட்டியறை ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வணக்கம்மா போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஒலிபெருக்கியும் பெட்டியும் சேர்ந்து இழுத்ததில் கடைசியில் கட்டடத்தின் மின்சாரமே போயிற்று. எல்லாம் இருண்டது. லிஃப்ட்காரர் ஓடிவந்தார். பழக்கதோஷம்; முதலில் லிஃப்டுக்குள் யாராவது சிக்கிக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார். கயிற்றை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார். வெளியே வந்தவள் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லையே தாயே? ஒண்ணுமில்லையே?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு லிஃப்ட்தான் தெரியும்மா. இது எனக்குத் தெரியாதும்மா."

அப்போது லேசாகச் சிவந்துதான் இருந்தாள். சாயங்காலத்துக்குள் முதுகு பூரா கொழுந்துவிட்டு எரிந்தது. துணி பட்டால் உயிர் போயிற்று. வீட்டுக்காரர் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தார். ஒவ்வொன்றும் எடுக்கும்போது வெதுவெதுவென்று இருந்தது. "நான்தானே போகச் சொன்னேன்," என்று முணுமுணுத்தபடியே அடுத்த துணியை நனைத்தார். விடிந்தபோது தோளிலும் முதுகிலும் கொப்புளங்கள். அவளைச் சைக்கிளில் உட்காரவைக்கவும் முடியாமல், நடத்தியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முதுகைப் பார்த்ததும் பேனாவை மூடிவைத்தார்.

"எங்கம்மா போய் இப்படி வெந்துட்டு வந்தே? இந்த மூடாப்புல?"

அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் கேட்டு முடிக்கிறவரை பொறுமையாக இருந்தார். அப்புறம் இல்லை.

"ஆபீஸ்ல சொன்னா கிணத்துல குதிப்பியா? நிறம் மாறுதுன்னா தோல் அடிபட்டுக் கத்துதுன்னு அர்த்தம். அதைப் போய் அழகுன்னு அட்டையில ஒட்டி வெச்சிருக்காங்களா? பெட்டி வெளிச்சமும் வெயில் மாதிரியேதான், சில நேரம் அதைவிட மோசம். சேர்ந்து சேர்ந்து ஒருநாள் புத்துநோயில கொண்டுபோய் விடும்."

வணக்கம்மா வீட்டுக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இனிமே வெளியவே வரக் கூடாதுங்களா டாக்டர்?"

"யாரு சொன்னா? வெயில் எதிரி இல்லம்மா. எலும்புக்கு வேணும், மனசுக்கும் வேணும். காலையில, சாயங்காலம் தாராளமா நட. உச்சிப் பொழுதுல நிழலுக்கு வந்துடு. முழுக்கைத் துணி, அகலத் தொப்பி. களிம்பு பூசினா அப்பப்ப திரும்பப் பூசணும், அதுவே போதும்னு நம்பிட்டு நாள் பூரா வெயில்ல கிடக்கக் கூடாது. மேகம் இருக்கேன்னு ஏமாறாதே, மேகத்துக்குள்ளயும் சுடும்." கொப்புளங்களுக்கு மருந்து தடவிக்கொண்டே அவள் உடம்பில் இருந்த மச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி, ஓரம் கிழிஞ்ச மாதிரி, ரெண்டு மூணு நிறம், பெரிசாகிட்டே போறது, அரிப்பு, ரத்தம், இப்படி ஏதாவது ஒரு மச்சத்துல வந்தா அன்னைக்கே வரணும். தோல் எந்த நிறமா இருந்தாலும் சரி. உனக்கு இப்போ ஒண்ணுமில்லை. போ."

'உனக்கு ஒண்ணுமில்லை' என்பதைவிட 'இப்போ' என்பதுதான் அவள் காதில் நின்றது.

கொப்புளங்கள் அடங்கி வேலைக்குப் போன அன்று முதலில் மேல்மாடிக்குத்தான் ஏறினாள். தடுப்புப் பிரிவு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, இனி யாருக்கும் இது நேராமல் தடுப்பார்கள் என்று நம்பினாள். இருட்டறையில் குடையின் கீழ் உட்கார்ந்திருந்த மேடம் அவள் கழுத்தில் உரிந்து நின்ற தோலைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"சூரியக் காயம்னா அதுல சூரியன் சம்பந்தப்பட்டிருக்கணும்மா. அன்னைக்குச் சூரியனே வரலையே."

"பெட்டிதாங்க மேடம். கீழ இருக்கிற பெட்டி."

"பெட்டி கீழ்த்தளம். என்னோட அதிகாரம் வெளியே இருக்கிற வெயிலுக்கு மட்டும்தான். உள்ள இருக்கிற வெயிலை நான் தடுத்தா அது இன்னொரு பிரிவோட வேலையில தலையிடறதாகும். வாசல்ல களிம்பு பூசினோமா இல்லையா?"

"பூசினீங்க மேடம்."

"அப்ப நாங்க தடுத்தாச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய இன்னும் மேகம்தானே? கலைஞ்சுடலையே?" அதைக் கேட்கும்போது அவர் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டதை வணக்கம்மா பார்த்தாள். கோபப்பட வந்தவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷியும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள் என்று தோன்றியது. அது ஆறுதலாக இல்லை. கட்டடம் முழுக்கப் பயந்தவர்கள்தான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இயக்குநரோ அவளைக் கண்டதும் எழுந்தே நின்றார். நிற அட்டையை எடுத்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பழுத்த செம்பு! ஒரே தடவையில! மத்தவங்க மாசக்கணக்கா படுத்தும் முதிர்தேன் தாண்டலை. உங்களுக்கு எவ்வளவு ஈடுபாடு!"

"சார், வெந்துபோச்சு சார். தோல் உரியுது."

"பழையது உரியத்தான் செய்யும். வாரியமே பழையதை உரிச்சுப் போட்டுட்டுத்தானே புதுசா வந்திருக்கு?" அவர் கண்கள் பனித்தன, உண்மையாகவே நெகிழ்ந்துவிட்டார். "இரண்டாவது பெட்டி வருதும்மா. ஊருக்கு வர்ற ஜனங்களுக்காக. இனிமே போன் பண்றவங்ககிட்ட இப்படிச் சொல்லுங்க: 'இங்கே வெயில் இதமாக இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் முன் எங்கள் பெட்டியில் ஒருமுறை படுத்து நிறம் ஏற்றிக்கொண்டால், பிறகு எந்த வெயிலும் உங்களை ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கும் உகந்தது.' எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

அவள் சொன்னாள். குரல் நன்றாக இருக்கிறது, வெயில் ஏறிவிட்டது என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த நாள்கள் அவளுக்கு நரகம். போன் அடித்தால் எடுத்து, சொல்லிக்கொடுத்ததைச் சொல்வாள்; 'குழந்தைகளுக்கும் உகந்தது' என்ற இடத்தில் மட்டும் இருமுவாள். இருமி இருமி அந்த வரியை விழுங்கிவிடுவாள். அதையும் எத்தனை நாள் செய்வது? வீட்டுக்காரர் வேலையை விட்டுவிடச் சொன்னார். விட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்து இருமாமல் சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது பெட்டியின் திறப்பு விழா அன்று சாயங்காலம் எல்லோரும் கீழ்த்தளத்தில் கூடிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஒரு பெண். பின்னால் சின்னப் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

"அக்கா, அடுத்த வாரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். ஏதோ பெட்டியாமே, அதுல படுத்துட்டா அப்புறம் வெயில் சுடாதாமே? சின்னவன் ரொம்ப வெளுப்பு, சட்டுன்னு சிவந்துடுவான். அவனையும் படுக்கவைக்கலாம்ல?"

வணக்கம்மா இருமினாள். இன்னும் ஒருமுறை இருமினாள்.

"அக்கா? கேக்குதா?"

கம்பியில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். மேலே இயக்குநர் ரிசீவரை எடுத்துவிட்டார். கயிறு இழுபடும் சத்தம் எங்கிருந்தோ கேட்ட மாதிரி இருந்தது.

"வேண்டாம்மா," என்றாள். குரல் கிறீச்சிட்டது. "பிள்ளையை அதுல போடாதே. நான் படுத்து முதுகெல்லாம் வெந்து கிடந்தேன். அது எதையும் தடுக்காது. கடலுக்குக் கூட்டிட்டு வா, நல்லா விளையாடட்டும். காலையில விளையாடட்டும், சாயங்காலம் விளையாடட்டும். உச்சி வெயில்ல நிழலுக்குக் கூப்பிட்டுக்கோ. தொப்பி போடு. முழுக்கைச் சட்டை போடு. களிம்பு பூசினா தண்ணியிலிருந்து வந்ததும் திரும்பப் பூசு. அவ்வளவுதான்."

"நல்லவேளை கேட்டேன்," என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, "இன்னொண்ணுக்கா. எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஒரு மச்சம் பெரிசாகிட்டே வருது. வெயில் காட்டினா சரியாயிடும்னு சொல்றார்."

இனிப் பறிபோக வேலை என்று ஒன்று மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் சொன்னாள். கிழிந்த மாதிரி ஓரம், ரெண்டு மூணு நிறம், அரிப்பு, ரத்தம். "வெயில் காட்டாதே, டாக்டர்கிட்ட காட்டு," என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படிகளில் காலடிகள், அவள் தலைக்கு மேலேயே இறங்கி வந்தன. அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். திட்டப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துத் தோள்பக்கம் விலக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மச்சம்... நீங்க சொன்னீங்களே... இந்த மாதிரியா?"

செம்பு நிறத் தோளில், எலும்புக்குக் கீழே அது இருந்தது. ஒரு பாதி கறுப்பு, மறுபாதி பழுப்பும் கருநீலமுமாக. ஓரம் எறும்பு தின்ற இலை போல இருந்தது. நடுவில் சட்டை உரசிக் காய்ந்த ரத்தம்.

"எவ்வளவு நாளா சார்?"

"தெரியலைம்மா. சின்னதாதான் இருந்துச்சு. பெட்டி வெளிச்சத்துல அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கப்பல் ஓட்டுகிறவரைப் போல அல்ல, விழாமலிருக்க. "ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்களேன்."

அவர் அதை ஒரு உத்தரவைப் போலத்தான் சொன்னார். அவளுக்கும் சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொல்லிப் பழகிய வாய்.

"அது எனக்குத் தெரியாது சார். டாக்டருக்குத்தான் தெரியும். இப்பவே போகணும்."

"இப்ப விழா இருக்கே. பேச்சு இருக்கு. 'ஒளிமிக்க எதிர்காலம்'னு..." கீழ்த்தளத்தில் யாரோ ஒலிபெருக்கியில் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் இன்னும் கிளம்பவில்லை. விவரத்தைக் கேட்டுவிட்டு, உடனே கூட்டிவரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டபோது இயக்குநர் கையை ஆட்டித் தன் பதவியைச் சொல்லவேண்டாம் என்றார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு," என்றாள் அவள்.

கூட்டத்துக்குள் போகாமல் பின்கட்டு வழியாக நடந்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட மறந்திருந்தார். "வெட்டி எடுப்பாங்களா?" என்று கேட்டார். கொஞ்சதூரம் போய், "வலிக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலை சார். நானும் நடுங்கிட்டேதான் போனேன்."

பின்வாசலைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மேகம் எப்போது கலைந்ததென்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் பார்க்கவில்லை. தெரு முழுக்க மஞ்சளாக வெயில் படுத்துக் கிடந்தது. மதில்மேல் ஒரு பூனை கண்ணை மூடி அதில் காய்ந்துகொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து யாரோ பிள்ளைகள் கூவும் சத்தம் வந்தது.

இயக்குநர் வாசற்படி நிழலைத் தாண்டாமல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். தோளைக் கையால் பொத்திக்கொண்டார். செம்பு நிறம் அப்படியே இருந்தது; அதற்கு அடியில் ஆள் வெளிறிப்போயிருந்தார்.

"இறங்கலாமா?" என்றார்.

வணக்கம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்கால வெயில் சார். ஒண்ணும் பண்ணாது. வாங்க."